கிறீஸ் பூசிய கணினி

அத்தியாயம் ஏழு

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டை அஸாம் இழுத்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து ஒரு வீச்சம் பெற்றிசியாவின் முகத்தில் அடித்தது. எலி மூத்திரமும் கரப்பான் எச்சமும் உப்புக் காற்றில் துருவேறிய இரும்பும் ஒன்றாகக் கலந்த நாற்றம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

படகுகளுக்குக் காப்புறுதி செய்யும் கம்பனியொன்றில் இருபது வருடம் சேதம் பார்த்தவள் அவள். எரிந்த படகு, வெடித்த எஞ்சின், ஐஸ் கரைந்து அழுகிய மீன் என்று எல்லாவற்றையும் கிட்ட நின்று பார்த்துக் கையெழுத்து வைத்தவள். அந்த வேலையை விட்டு, மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, ஊராரின் சிக்கல்களைத் துப்புத் துலக்கிக் கொடுக்கத் தொடங்கி நான்கு வருடமாகிறது. இன்றுவரை கரப்பானோடு மட்டும் அவளுக்கு ஒத்துவரவில்லை.

"அக்கா, இதுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருந்திருக்கு," என்றான் அஸாம். "விதானையாரிட்டக் குடியிருப்புப் பதிஞ்சுதுகளோ தெரியாது."

அஸாம் அவளுடைய ஓட்டோக்காரன், உதவியாளன், வாய்க்குப் பூட்டில்லாதவன். மூன்று பிள்ளைகளின் தகப்பன். கைபேசிகள் வந்து கடையை மூடவைக்கும்வரை மன்னார் பட்டினத்தில் கணினி விளையாட்டு நிலையம் நடத்தியவன். ஆகவே இன்றைய நோயாளிக்கு அவன்தான் வைத்தியன்.

நோயாளியின் சொந்தக்காரன் ஜெனிஸ்ரன் தன் அறையின் யன்னலோரம் கைகட்டி நின்றான். முப்பது வயது, மடிப்புக் கலையாத சேட்டு. சண்டை முடிந்தபின் வந்து, பிறகு மூடிவிட்டுப் போன தொண்டு நிறுவனங்களின் கந்தோர்களில் கழித்துவிட்ட கணினிகளை முருங்கனிலும் உயிலங்குளத்திலும் தேடித் தேடிப் பொறுக்கியவன். ஒன்றிலிருந்து மதர்போட், இன்னொன்றிலிருந்து பவர் சப்ளை, வேறொன்றிலிருந்து பானைபோல் பின்புறம் புடைத்த திரை. இரண்டு வருடமாகக் கூட்டி முடித்த பெட்டியில், இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய விளையாட்டுகளை அந்தக் காலத்து வேகத்திலேயே விளையாடுவான்.

"பாத்தீங்களோ அன்ரி?" என்று விரலை நீட்டினான். "நான் சொல்லத் தேவையில்லை. கிறீஸே சொல்லுது."

கிறீஸ் சொல்லத்தான் செய்தது. நினைவகத் தகடான றாமைச் செருகும் பள்ளங்களில் மஞ்சளாக, கொழகொழவென்று, சளியைப்போல அப்பிக் கிடந்தது.

அன்று காலை பெற்றிசியாவின் அறைக்கு வந்து அழுதவள் சுவேதினி. வங்காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவள், ஜெனிஸ்ரனுக்கு நிச்சயிக்கப்பட்டவள்.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் நானே அதில கார் ஓடி விளையாடினனான் அன்ரி. நல்லாத்தான் வேலை செய்தது. புதன்கிழமை அப்பா அவையின்ர வீட்ட மீன் குடுக்கப் போனவர். அவர் போன பிறகு பாத்தா பெட்டி செத்துப்போச்சாம். உள்ளுக்கு முழுக்கக் கிறீஸாம். படகு எஞ்சின் திருத்திற உன்ர அப்பாவைத் தவிர ஆர் இந்த வேலை பாப்பினம் எண்டு கேக்கிறார்."

"அப்பா என்ன சொல்லுறார்?"

"ஓமெண்டும் இல்லை, இல்லையெண்டும் இல்லை. மூண்டு நாளா வாயே திறக்கேல்லை."

தடை அறிந்தவர்கள் சொல்லும்படி கேட்கும் விவாக அறிவித்தலை இவர்களுக்குக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. நாளை முதற் பூசையில் மூன்றாந்தரம் வாசிப்பார்கள். இப்படிப்பட்ட தகப்பன் இருக்கும் வீட்டில் பெண்ணெடுக்க மாட்டேன், பூசைக்கு முன்னமே ஃபாதரிடம் போய் நிறுத்திவிடுவேன் என்று ஜெனிஸ்ரன் சொல்லி அனுப்பியிருந்தான். தகப்பன் அதைச் செய்யவில்லை என்று இன்றைக்குள் நிரூபித்துத் தரவேண்டும். இதுதான் சுவேதினி கேட்டது. போகும்போது இன்னொன்றும் சொன்னாள்.

"அவர் தன்ர பெட்டியைச் சும்மா வைச்சிருக்கேல்லை அன்ரி. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பிறஷ் போட்டுத் துடைப்பார். நான் ஒருக்கா முறுக்குத் திண்ட கையோட மௌசைத் தொட்டதுக்கு ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை."

அந்த முறுக்குக் கதையைக் கேட்டபோதே பெற்றிசியாவுக்கு ஆளைப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காதது சாட்சியாகாது.

"தொடங்கு," என்றாள் அஸாமிடம், கைக்குட்டைக்குள்ளிருந்து.

அஸாம் வழியில் வாங்கிய மீன் றோல்ஸின் கடைசித் துண்டை வாய்க்குள் தள்ளி, எண்ணெய் விரல்களைக் காற்சட்டையில் துடைத்தும் துடைக்காமலும் வேலையில் இறங்கினான். முதலில் பவர் சப்ளையைத் தனியே கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தான். அதன் காற்றாடி உர்ரென்று சுழன்றது.

"இது உயிரோட இருக்கு. இனி மதர்போட்." அதில் கரண்ட் கொடுத்தான். சத்தமில்லை. றாமைப் பிடுங்கினான், கிறீஸை வழித்து மேசை விளிம்பில் தேய்த்தான், திரும்பக் கரண்ட் கொடுத்தான். அப்போதும் சத்தமில்லை.

"அக்கா, றாமைப் பிடுங்கினா உயிருள்ள மதர்போட் பீப் பீப்பெண்டு அழும். பால் போத்தலைப் பறிச்ச பிள்ளை மாதிரி. இது மூச்சு விடேல்லை. மௌத்து."

"கிறீஸாலயோ?"

"கிறீஸ் பூசினா மூக்கடைக்கும். மௌத்தாகாது."

பெற்றிசியா கணினியைப் பார்க்கவில்லை. ஜெனிஸ்ரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்குக் கைக்கு இரண்டு நாள் கோபித்தவன், மீன் எண்ணெய் வடியும் விரல்கள் தன் செல்வத்தைத் தோண்டுவதைச் சலனமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றான். அஸாமின் ஸ்குறூட்ரைவர் வழுக்கி மதர்போட்டில் ஒரு நீளக் கீறல் போட்டது. ஜெனிஸ்ரன் கொட்டாவி விட்டான்.

அவனுடைய கைபேசி அதிர்ந்தது. திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஒரு நிமிசம்" என்று வெளியே போனான்.

அஸாம் யன்னல் பக்கம் காதைச் சாய்த்தான். "அக்கா, மணி என்ன?"

"நாலு."

"பின்னேரம் நாலு மணிக்கு ஆருக்கோ குட் மோனிங் சொல்லுறான். நல்ல நித்திரையோ எண்டும் கேக்கிறான்."

பெற்றிசியா மேசைக்குக் கிட்ட வந்தாள். மதர்போட்டின் நடுவில் இருந்த சின்னக் காற்றாடியை ஸ்குறூட்ரைவர் நுனியால் தள்ளினாள். அது அசையவில்லை. "இதைக் கழற்று."

நான்கு திருகாணிகளும் கிறீச்சிட்டுக் கழன்றன. அஸாம் காற்றாடியைத் திருப்பினான்.

அடியில், இதழ்களுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில், மண்ணால் கட்டிய குளவிக்கூடு. ஐந்து அறைகள். நான்கில் குஞ்சுகள் துளைத்து வெளியேறிய ஓட்டைகள். ஐந்தாவதை அஸாம் நகத்தால் உடைத்தான். காய்ந்து சுருண்ட சிலந்திக் கால்கள் கொத்தாக அவன் உள்ளங்கையில் கொட்டின.

"சீ! கொண்டுபோ அங்கால!"

"ஐயோ அக்கா, செத்ததுகள். எங்களைவிடச் சாதுவானதுகள்."

"அஸாம், குளவி கூடுகட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரிச்சுப் பறக்க எவ்வளவு காலம் செல்லும்?"

"குறைஞ்சது ஒரு மாசம்." சொல்லி முடித்ததும் அவன் கண்கள் விரிந்தன. "காத்தாடி சுத்தினா இதுக்குள்ள கூடு கட்டேலாது. அப்ப செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை ஓடின கார்..."

"இதில ஓடேல்லை. திரும்பப் பூட்டு. வாய்க்கும் ஒரு பூட்டுப் போடு."

ஜெனிஸ்ரன் உள்ளே வந்தபோது காற்றாடி பழைய இடத்தில் இருந்தது. பெற்றிசியா ஒரு காகிதத்தில் கொஞ்சம் கிறீஸை வழித்தெடுத்து மடித்தாள். மஞ்சளுக்கு அடியில் சாம்பல் நிறமாகத் தூசிப் படை ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கண்டதும், அந்த வீட்டில் காலடி வைத்த நேரத்திலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"தம்பி, ஒரு மணித்தியாலத்தில வாறம். எங்கயும் போயிடாதையும்."

*

சுவேதினியின் தகப்பன் சந்தியோகுவின் பட்டறை கடற்கரையில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. மரச் சட்டத்தில் எஞ்சின்கள் வரிசையாகத் தொங்கின. கடலிலிருந்து வந்த ஒன்றை நல்ல தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி, உப்புப் போக ஓடவிட்டுக்கொண்டிருந்தார் மனிதர். ஐம்பத்தெட்டு வயது. அவர் கைபட்ட எஞ்சினுக்கு அந்தக் காலத்தில் பெற்றிசியா சேதம் பார்க்கப் போனதே குறைவு.

சுவேதினி ஏற்கெனவே அங்கே வந்து, பீப்பாவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

பெற்றிசியா சுற்றி வளைக்கவில்லை. "சந்தியோகண்ணை, ஜெனிஸ்ரன்ர பெட்டிக்குக் கிறீஸ் பூசினது நீங்களோ?"

அவர் எஞ்சினை நிறுத்தினார். நிமிரவில்லை. "ஓம். நான்தான்."

"அப்பா!"

"ஏன் பூசினனீங்கள்?"

"கோவம்."

"என்ன கோவம்?"

"கோவத்தில என்ன கோவம் பிள்ளை? கோவம்தான்."

"நல்ல வாக்குமூலம்," என்று அஸாம் முணுமுணுத்தான். "நீதவானுக்கு ஒரு நிமிசத்தில வேலை முடிஞ்சிடும்."

பெற்றிசியா தலையாட்டினாள். "சரி, கோவம். மனிசருக்கு வரும். கழுவிப்போட்டோ பூசினனீங்கள்?"

சந்தியோகு சட்டென்று நிமிர்ந்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல அவர் முகம் சுருங்கியது. "இதென்ன கேள்வி? கழுவாமல் ஆரும் கிறீஸ் பூசுவினமோ? நல்ல தண்ணியில கழுவி, காயவைச்சு, துணியால ஒத்தியெடுத்து, அதுக்குப் பிறகுதானே..."

பெற்றிசியா காகிதத்தை விரித்து நீட்டினாள். அவர் விரலால் தொட்டு, இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். தூசி நறநறத்தது. எவனோ விட்ட எச்சில் சோற்றில் கைவைத்துவிட்டதுபோல விரல்களை உதறினார்.

"தூசிக்கு மேலயோ பூசினவன்? ஊத்தை பிடிச்ச வேலை. அதுவும் கரண்ட் பாயிற வாயில..."

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"நீங்கள் செய்யேல்லை அண்ணை," என்றாள் பெற்றிசியா. "செய்தது, எஞ்சின்காரர் கிறீஸ் பூசுறதைத் தூர நிண்டு பாத்த ஓராள். முன்னுக்குக் கழுவுறதை அவன் பாக்கேல்லை. ஆனா செய்யாததைச் செய்தனானெண்டு ஏன் சொல்லுறீங்கள்?"

சந்தியோகு மகளைப் பார்த்தார், பிறகு தண்ணீர்ப் பீப்பாவைப் பார்த்தார். "நான் வரமாட்டன். அவளையும் அங்க கூட்டிக்கொண்டு போகாதேங்கோ."

"நான் போவன்," என்றாள் சுவேதினி.

அவளுக்குப் பின்னால் அவரும் வந்து ஓட்டோவில் ஏறினார்.

*

ஜெனிஸ்ரன் நால்வரையும் கண்டதும் அரைப் புன்னகை செய்தான். "மாமா வந்து மன்னிப்புக் கேட்டாலும் என்ர முடிவில மாற்றமில்லை."

"மன்னிப்பை ஆறுதலாப் பாப்பம்," என்றாள் பெற்றிசியா. "அஸாம், காலையிலிருந்து நிக்கிறாய். எங்கயாவது இரு."

அறையில் ஒரே ஒரு கதிரைதான் இருந்தது. அதைச் சுவேதினிக்குக் காட்டிவிட்டு அஸாம் சுற்றிப் பார்த்தான். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே, படுக்கை விரிப்பால் மூடி ஒரு பெரிய சூட்கேஸ் நிமிர்த்தி வைத்திருந்தது. கைப்பிடியில் கடைப் பொலித்தீனைக்கூடக் கழற்றவில்லை. அஸாம் அதைத் தரையில் சாய்த்தான். தொண்ணூற்றிரண்டு கிலோவையும் அதன்மேல் இறக்கத் தொடங்கினான்.

"டேய்! எழும்படா! அதில இருக்காதை!"

ஜெனிஸ்ரன் பாய்ந்துவந்து அஸாமைத் தள்ளினான். அவன் உதடு வெளிறிப்போயிருந்தது.

பெற்றிசியா மெல்லக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அஸாம் மதர்போட்டைக் கீறினபோது கொட்டாவி விட்டனீர். சூட்கேசுக்கு மேல ஓராள் இருக்கப்போனா மூச்சு நிக்குது. அந்தக் கணினிக்குள்ள கிடக்கிறது, நீர் பழைய சாமானுக்குள்ள பொறுக்கின குப்பை மதர்போட். அதில மாசக்கணக்கில குளவி குடும்பம் நடத்தியிருக்கு. சுவேதினி ஓடின கார் எங்க? சூட்கேசைத் திறவும்."

அவன் திறக்கவில்லை. சுவேதினி எழுந்து போய் ஸிப்பை இழுத்தாள்.

மேலே பனிக்குப் போடும் தடித்த மேலங்கி ஒன்று, அடியில் கம்பளிக் காலுறைகள். நடுவில், இரண்டு துவாய்களால் சுற்றிய மதர்போட். கைக்குழந்தையைச் சுற்றியதுபோல் பக்குவமாக, முனைகளை மடித்து ஊசி குத்தியிருந்தான். தூசி ஒரு துளி இல்லை.

அஸாம் அதை மேசையில் வைத்து, றாம் போடாமல் பவர் சப்ளையைக் கொழுவினான். காற்றாடி சுழன்றது. பீப், பீப், பீப் என்று அறை முழுக்கச் சத்தம்.

"பிள்ளை அழுகுது பாருங்கோ. உயிரோட இருக்கு."

"கனடாவோ?" என்று கேட்டாள் பெற்றிசியா. "அங்க இப்ப விடிஞ்ச நேரம்."

ஜெனிஸ்ரன் கதவைப் பார்த்தான். கதவடியில் சந்தியோகு நின்றார். பிறகு, பிடிபட்டவன் ஒளிவதற்கு இடமில்லாதபோது நியாயம் பேசத் தொடங்குவானே, அப்படித் தொடங்கினான்.

"பெரியம்மா கனடாவில பாத்த சம்பந்தம் அன்ரி. கொஞ்ச நாளாத்தான் என்னைக் கேக்கினம். அந்தப் பிள்ளையின்ர ஆக்களும் வங்காலைதான். ரெண்டு தரம் கோயிலில வாசிச்சுப்போட்டு நான் விட்டனானெண்டு கேள்விப்பட்டா அவை சம்மதிக்கமாட்டினம். பிழை இவையின்ர பக்கம் இருக்க வேணும். நான் ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்கேல்லை. சுவேதினிக்கும் நல்லதுதானே? மாப்பிள்ளை விட்டிட்டான் எண்ட பேரைவிட, தகப்பன்ர குணத்தால குழம்பினது எண்ட பேர் பரவாயில்லை. நான் மாமாவோடயும் கதைச்சுத்தான்..."

வாயை மூடிக்கொண்டான். ஆனால் அது வெளியே வந்துவிட்டது.

பெற்றிசியாவுக்கு அந்த வீட்டில் அன்று பின்னேரம் மோந்த நாற்றமெல்லாம் ஒன்றுமில்லாததாகிப் போனது. எலி மூத்திரத்துக்குக் கைக்குட்டை போதும். இவனுக்கு எதைப் பொத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் கூட்டிய பெட்டியில் ஒரு கீறல் விழவிடாமல் துவாய் சுற்றி வைத்தவன், கட்டிக்கொள்ள இருந்தவளின் தகப்பனை எடுத்துக் குப்பை மதர்போட்டில் பூசியிருக்கிறான்.

சுவேதினி திரும்பிப் பார்த்தது ஜெனிஸ்ரனை அல்ல. "அப்பா?"

"புதன்கிழமை மீனோட வந்தனான்," என்றார் சந்தியோகு. தரையைப் பார்த்துத்தான் பேசினார். "இவர் சொன்னார், நான் கட்டமாட்டன், கோயிலில எழும்பிச் சொல்லவோ, இல்லாட்டி நீங்கள் பிழையை ஏற்கிறீங்களோ எண்டு. மாப்பிள்ளை கைவிட்டவள் எண்டு உன்னை ஊர் கதைக்கிறதைவிட, தகப்பன் மூர்க்கனெண்டு என்னைக் கதைக்கட்டும் எண்டு நினைச்சன் மகள்."

"ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்தனீங்கள்."

"உனக்காகத்தான்..."

"மூண்டு நாள் நான் உங்களுக்காக அழுதனான். நீங்கள் சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்து பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

அஸாமின் வாயில்கூட ஒரு பகிடி வரவில்லை.

ஜெனிஸ்ரன் ஒரு அடி முன்னால் வந்தான். "சுவேதா, நடந்தது நடந்துபோச்சு. ஆக்களுக்கு என்ன சொல்லுறதெண்டு நாங்கள் ஆறுதலா இருந்து..."

"கிட்ட வராதை," என்றாள் அவள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. காலடியில் எதையோ மிதிக்கப்போனவள் பாதத்தை இழுத்துக்கொள்வதுபோலச் சொன்னாள். "அஸாம் அண்ணை, ஃபாதரின்ர அறைவீட்டுக்கு விடுங்கோ."

ஓட்டோவில் சந்தியோகு பின்னால் ஏறப் போனபோது அவள் கையைக் குறுக்கே நீட்டினாள். "முன்னுக்கு இருங்கோ. எனக்குப் பக்கத்தில இப்ப வேண்டாம்."

"முன்னுக்கு ஆளேத்தினா பொலிஸ் பிடிக்கும் தங்கச்சி," என்றான் அஸாம். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, தன் ஆசனத்தில் ஒதுங்கி அரை இடம் விட்டான். "வாங்கோ அண்ணை. பிடிச்சா நீங்கள் என்ர கிளீனர்."

கோயிலுக்குப் பக்கத்து அறைவீட்டில் பங்குத்தந்தை நாளைய அறிவித்தல் தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுவேதினியையும் அவளுக்குப் பின்னால் நின்ற பெற்றிசியாவையும் கண்டு கோப்பையை வைத்தார்.

"என்ன பிள்ளை இந்த நேரத்தில?"

"மூண்டாம் தரம் வாசிக்க வேண்டாம் ஃபாதர். தடை இருக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "மாப்பிள்ளைக்கு ஏதும் முன்கலியாணமோ? இல்லாட்டி இரத்த உறவோ?"

"அவருக்கு ஒரு தடையும் இல்லை. தடை எனக்கு. அந்த ஆளை நினைச்சாலே எனக்கு அருவருக்குது. ஆர் நிப்பாட்டினதெண்டு ஊர் கேட்டா என்ர பேரைச் சொல்லுங்கோ. கனடாவில இருந்து கேட்டாலும் சொல்லுங்கோ."

பங்குத்தந்தை பேனாவை எடுத்தார். எழுதாமல், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்ற சந்தியோகுவை எட்டிப் பார்த்தார்.

"தகப்பனுக்கும் இதில சம்மதமோ?"

"அவரிட்டக் கேக்காதேங்கோ ஃபாதர்," என்றாள் சுவேதினி. "அவர் ஏற்கெனவே ஒரு தரம் என்னைக் கேக்காமலே சம்மதிச்சிட்டார்."